ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள்: கோச்சபம்பாவுக்குப் பயிற்சிக்குப் போகும் இளம் மறைப்பணியாளர்களுக்கு

பொலிவியா, பெரு, எக்குவடோர் என்று தென்னமெரிக்க நாடுகளுக்கு அனுப்பப்படும் நம் குருமாணவர்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் அங்கே போய் இறங்கியதும் முதல் பணி மொழி படிப்பதுதான். பொலிவியாவின் கோச்சபம்பா இதற்குப் பேர்போன ஊர். மேரிநோல் என்னும் அமெரிக்க மறைப்பணிச் சபையார் 1965-இல் அங்கே மொழிப் பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். அது முதல் பல நாட்டு மறைப்பணியாளர்களும் அந்த ஊரில் தங்கி, ஒரு குடும்பத்தோடு சாப்பிட்டு, ஸ்பானிஷ் கற்றிருக்கிறார்கள். அங்கே பயிற்சிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், எங்கே நினைத்ததைவிடச் சுலபமாக ஏறிவிடுகிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

பெரிய தடுக்கல் ஒன்று உண்டு. பாடப்புத்தகங்கள் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. அதனால் நம் பிள்ளைகள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து ஸ்பானிஷுக்கும் மாற்றுகிறார்கள். இரட்டை வேலை. தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி இடங்களில் வழி ஏற்கெனவே திறந்தே கிடக்கிறது.

ஒலியிலேயே இது தெரியும். ஆங்கிலப் பழக்கத்தில் 'நீ' என்னும் சொல்லை 'டூ' என்று நாக்கை மேலே மடக்கிச் சொல்வார்கள். அது 'தூ', நம் த-வைப் போலப் பல்லைத் தொட வேண்டும். தக்காளி 'டொமாட்டே' அல்ல, 'தொமாத்தே'. 'ஒன்றுமில்லை' என்பதற்கான 'நாதா' என்னும் சொல்லில் வருவது 'அது' என்று சொல்லும்போது வருகிற அதே மெல்லிய த. ஏரியைக் குறிக்கும் 'லாகோ'வில் 'அகம்' என்பதில் வரும் க. ஆண்டைக் குறிக்கும் 'ஆஞோ'வுக்கு நம்மிடம் ஞ இருக்கிறது. வயதைச் சொல்லும்போது அந்த ஞ-வை ன-வாக்கிவிட்டால் உடலின் பின்புறத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடும். இதை முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும். ர, ற வேறுபாடு இன்னும் நாக்கில் நிற்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய் என்ற வித்தியாசமும் சட்டென்று பிடிபடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் சொல்லின் நடுவே ஒற்றையாக வரும் க, த, ப மெலிந்தே ஒலிக்கும். இரட்டித்தால்தான் அழுத்தம் வரும். ஸ்பானிஷில் இரண்டும் தனித்தனி ஒலிகள், பொருளையே மாற்றுபவை. திருப்பலியின் தொடக்கத்தில் பாவ அறிக்கை சொல்கிறோம். அதில் 'மிகவும் பாவம் செய்தேன்' என்பது 'எ பெக்காதோ மூச்சோ'. க-வை நம் வழக்கப்படி மெலித்து 'பெகாதோ' என்றால் 'நிறைய அடித்திருக்கிறேன்' என்றாகிவிடும். சபை புரிந்துகொள்ளும், யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். ஆனால் அதே பழக்கம் மறையுரை முழுதும் தொடர்ந்தால் கேட்பவர்களுக்குக் களைப்பாகிவிடும். இதனால்தான் ஒரு விதியைக் கண்டிப்பாகச் சொல்கிறோம்: குறிப்பேட்டில் ஸ்பானிஷைத் தமிழெழுத்தில் எழுதாதீர்கள். வாசிப்பவர்களுக்காக இங்கே நாங்கள் தமிழில் எழுதுகிறோம். படிப்பவர் அப்படி எழுதினால் கண் பார்த்ததையே நாக்கு சொல்லும், க-வும் ப-வும் தானாக மெலிந்துவிடும்.

சரிசெய்யப் பயிற்சி எளிது. முத்தம் 'பேஸோ' (beso), எடை 'பேஸோ' (peso) என்பது போல ப ஒலி மட்டும் மாறும் சொற்களில் பத்து இணைகளை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் பார்த்தால் எது அதிர்வுள்ள ப, எது அதிர்வில்லாத ப என்று தெரியும். ஆசிரியர் ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும். எது என்று நீங்கள் கை காட்டுங்கள். காது பிரித்துக் கேட்க ஆரம்பித்த பிறகு நீங்கள் சொல்லுங்கள், அவர் கை காட்டட்டும். தினம் பத்து நிமிடம் போதும். காது பழகாமல் வாயை மட்டும் பழக்குவதால் பலன் இல்லை.

அடுத்தது அழுத்தம். தமிழில் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது. ஸ்பானிஷில் 'ஆப்லோ' என்று முதல் அசையை ஓங்கினால் 'பேசுகிறேன்'. 'ஆப்லோ' என்று கடைசியை ஓங்கினால் 'அவர் பேசினார்'. 'பாப்பா' என்று முன்னசையை ஓங்கினால் திருத்தந்தை அல்லது உருளைக்கிழங்கு, பின்னசையை ஓங்கினால் அப்பா. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு திருத்தந்தைக்கு ஆண்பால் ('எல்'), கிழங்குக்குப் பெண்பால் ('லா'). உருளைக்கிழங்கு விளையும் ஆண்டீஸில் இந்த மூன்றும் ஒரே நாளில் பேச்சில் வந்துவிடும். விதி சின்னதுதான்: உயிரெழுத்திலோ ன், ஸ் ஒலிகளிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசை, மற்றவற்றுக்குக் கடைசி அசை, விதிவிலக்கானால் எழுத்தின் மேல் கோடு இருக்கும். வாசிக்கும்போது அழுத்தம் விழும் அசையில் மேசையைத் தட்டிக்கொண்டே வாசியுங்கள்.

இலக்கணத்துக்கு வருவோம். 'எனக்குப் பிடிக்கும்' என்பதை ஆங்கிலத்தில் 'நான் விரும்புகிறேன்' என்று திருப்பிப்போட்டுத்தான் சொல்ல முடியும். அதனால் ஆங்கிலப் புத்தகங்கள் 'மே குஸ்தா' என்ற அமைப்புக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கி விளக்கும். தமிழருக்கு விளக்கம் தேவையில்லை: மே, எனக்கு, குஸ்தா, பிடிக்கும். 'மே துவேலே லா கபேஸா' என்றால் 'எனக்குத் தலை வலிக்கிறது'. பிடித்தது பன்மையானால் 'குஸ்தான்' என்று மாறும் என்பதை மட்டும் கூடுதலாகக் கவனித்தால் போதும். பசி, தாகம், பயம் மூன்றிலும் இந்த வழி அடைபடும். 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு 'பசியை வைத்திருக்கிறேன்' என்ற பொருளில் 'தெங்கோ ஆம்ப்ரே' என்றுதான் சொல்கிறார்கள்.

'ஸேர்', 'எஸ்தார்' என்று இரண்டு 'இரு' வினைகள் உண்டு. எல்லோரையும் பயமுறுத்துவது இதுதான். தமிழில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'அவர் ஆசிரியர்', 'இவர் என் அண்ணன்' என்று வினையே இல்லாமல் சொல்ல முடிந்தால் 'ஸேர்'. 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'சோர்வாக இருக்கிறார்' என்று 'இரு' வந்தே ஆக வேண்டுமானால் பெரும்பாலும் 'எஸ்தார்'. இது முழுக்கப் பொருந்தாது. 'உயரமாக இருக்கிறார்', 'நல்லவராக இருக்கிறார்' போன்ற நிலையான குணங்களுக்கு 'ஸேர்'தான் வரும். ஆனாலும் தொடக்கத்தில் கை கொடுக்க இதைவிட நல்ல ஊன்றுகோல் கிடையாது.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் மாதக் கணக்கில் திணறும் இன்னொரு இடம் விருப்பத்தைச் சொல்லும் வினைவடிவம். தமிழில் வியங்கோள் இருக்கிறது. இயேசு கற்பித்த செபத்தில் 'போற்றப்பெறுக, வருக, நிறைவேறுக' என்று மூன்று முறை சொல்கிறோம். ஸ்பானிஷில் அதே இடங்களில் 'ஸேயா, வேங்கா, ஆகாஸே' என்று மூன்று வினைகள் வருகின்றன. மூன்றும் இந்த வடிவம்தான். செபத்தை மனப்பாடம் செய்தாலே மூன்று முக்கியமான வினைகளின் வடிவம் கைக்கு வந்துவிடும். இறந்தோரைப் பற்றிப் பேசும்போது மக்கள் சேர்த்துச் சொல்லும் 'கே என் பாஸ் தெஸ்கான்ஸே' என்பதும் 'அமைதியில் இளைப்பாறுக' என்ற வியங்கோள்தான். இப்படி வாழ்த்திலும் ஆசீரிலும் தொடங்கிவிட்டுப் பிறகு 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்' போன்ற வாக்கியங்களுக்கு வந்தால் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

காலங்கள் நிறைய இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். நிகழ்காலம், முடிந்த இறந்தகாலம், தொடர்ந்த அல்லது வழக்கமான இறந்தகாலம், 'செய்திருக்கிறேன்' வடிவம், 'போ' என்று பொருள்படும் 'ஈர்' வினையோடு சேரும் எளிய எதிர்காலம், மேலே சொன்ன வியங்கோள் வடிவம், இவ்வளவு இருந்தால் முதல் நான்கு மாதத்தை ஓட்டலாம். ஒழுங்கில்லாத வினைகளை முதலில் படியுங்கள். அன்றாடப் பேச்சில் அதிகம் வருபவை அவைதான். இரண்டு இறந்தகாலங்களைக் கலந்துவிடுவது நம்மவரிடம் அடிக்கடி பார்க்கும் குறை. 'சின்ன வயதில் ஆற்றுக்குப் போவேன்' என்று தமிழில் சொல்லும் அந்தப் 'போவேன்'தான் அவர்களுடைய வழக்க இறந்தகாலம். 'நேற்றுப் போனேன்' என்பது மற்றது. புதிதாகக் குருப்பட்டம் பெற்றவர்களுக்கு இது வெறும் இலக்கணம் இல்லை. ஒப்புரவுக்கு வருகிறவர் 'மென்தீ' என்றால் ஒருமுறை பொய் சொன்னார். 'மென்தீயா' என்றால் அதுவே அவருக்கு வழக்கமாக இருந்தது. சொல்லும் அறிவுரை இதைப் பொறுத்தே மாறும். ஆகவே ஒப்புரவு கேட்கத் தொடங்கும் முன் ஆசிரியரை வைத்துக் கற்பனை உரையாடல்களாகப் பலமுறை பழக வேண்டும். உறவுப்பெயர்கள், எண்கள், 'எப்போதாவது', 'அடிக்கடி', 'தினமும்' போன்ற சொற்கள் கேட்டவுடனே புரிகிற நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

திருப்பலிப் புத்தகத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. இணையத்தில் எளிதாகக் கிடைப்பது பல நேரம் ஸ்பெயின் நாட்டுப் பதிப்பு. அதில் 'நீங்கள்' என்பது 'வொஸோத்ரோஸ்'. 'எடுத்து உண்ணுங்கள்' என்பது 'தோமாத் இ கோமெத்'. பொலிவியாவில் 'உஸ்தேதெஸ்', 'தோமென் இ கோமான்'. ஒருமுறை தவறான வடிவத்தை மனப்பாடம் செய்துவிட்டால் பீடத்தில் நிற்கும்போது அதுதான் நாக்கில் வரும். பங்கில் இப்போது பயன்படுத்தும் பதிப்பின் பிரதி ஒன்றை அங்கேயே வாங்கிப் படியுங்கள்.

முதல் மறையுரைக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு 400 சொல்லைத் தாண்டாமல் எழுதுங்கள். வாக்கியத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழில் எழுதி மொழிபெயர்க்காதீர்கள். தெரிந்த ஸ்பானிஷில் சொல்ல முடிவதை மட்டும் சொல்லுங்கள். சொல்ல முடியாத கருத்து அடுத்த மாதத்துக்குக் காத்திருக்கட்டும். ஆசிரியர் திருத்திய பிறகு அவரையே வாசிக்கச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவோடு சேர்ந்து சத்தமாக வாசித்துப் பழகுங்கள். மூன்று நாள் பழகினால் தாளிலிருந்து தலையைத் தூக்கி மக்களைப் பார்க்க முடியும்.

இனி நேரக் கணக்கு. ஆங்கிலம் பேசும் தூதரக அலுவலர்கள் ஸ்பானிஷில் தேர்ச்சி பெற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நாளுக்கு நான்கு மணி, வாரம் ஐந்து நாள் என்று ஐந்து மாதம் படித்தால்கூட 400 மணியைச் சற்றே தாண்டும். மீதியைத் தரப்போவது நீங்கள் தங்கியிருக்கும் குடும்பம்தான். வகுப்பு முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள், பேச்சு வருவதில்லை. வகுப்பில் சுமாராக இருந்தாலும் அடுப்படியில் நிற்கிறவர்கள் பேசிவிடுகிறார்கள். இதை வேறு எதைவிடவும் உறுதியாகச் சொல்வோம்.

அடுப்படியில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். கோச்சபம்பா வீடுகளில் சாப்பாட்டோடு 'யாஹ்வா' என்ற காரத் துவையல் வைப்பார்கள். 'லொகொத்தோ' என்ற குண்டு மிளகாய், தக்காளி, 'கில்கீஞா' என்ற வாசனைத் தழை, உப்பு, அவ்வளவுதான். அதை 'பத்தான்' என்ற தட்டைக் கல்லில் வைத்து, பிறைநிலா வடிவக் கல்லை இரு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டி அரைப்பார்கள். நம் அம்மியில் குழவி முன்னும் பின்னும் நகரும். இங்கே கல் நின்ற இடத்திலேயே சாய்ந்தாடும். அரைக்க ஒருமுறை உதவிக்கு நின்று பாருங்கள். அரை, உப்புப் போடு, கொஞ்சம் தண்ணீர் விடு, ருசி பார், போதும், இன்னும் கொஞ்சம் என்று ஏவல் வினைகளும் அளவுச் சொற்களும் பத்து நிமிடத்தில் காதில் விழும், கையும் கூடவே செய்வதால் மறக்காது. மிளகாய்க் கல்லைத் தொட்ட கையால் கண்ணைத் தொட வேண்டாம். லொகொத்தோவின் காரம் கடுமையானது.

மதியச் சாப்பாடுதான் அங்கே நாளின் பெரிய சாப்பாடு. முதலில் சூப், பிறகு சோறோ கிழங்கோ இறைச்சியோடு. குடும்பம் கூடும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். எழும்போது 'கிராஸியாஸ்' என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும்; 'ப்ரொவேச்சோ' என்று பதில் வரும். சொல்லாமல் எழுந்தால் கோபித்துக்கொண்டு போவதாக நினைப்பார்கள். பெரியவர்களை 'தோன்', 'தோஞா' சேர்த்து அவர்களுடைய முதற்பெயரால் அழையுங்கள். நீ, நீங்கள் வேறுபாடு நமக்குப் புதிதில்லை, ஆனால் கடவுளிடம் அவர்கள் 'தூ' என்றுதான் பேசுகிறார்கள். அதற்காக மனம் கூச வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: நாம் 'சரி' என்ற பொருளில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அங்கே 'இல்லை' என்று புரியும். வாயால் 'ஸீ' என்று சொல்லி, தலையை மேலும் கீழும் அசையுங்கள்.

குடும்பத்தாரிடம் ஓர் உதவி கேளுங்கள். எல்லாப் பிழையையும் திருத்தச் சொன்னால் பேச்சே நின்றுவிடும். இந்த வாரம் ஆண்பால் பெண்பால் சுட்டை மட்டும் திருத்துங்கள், அடுத்த வாரம் இறந்தகாலத்தை மட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பொருள்களுக்குப் பால் இல்லாத மொழியிலிருந்து போகிறோம் என்பதால் சுட்டுதான் கடைசிவரை தொல்லை தரும். சொல்லைத் தனியாகப் படிக்காமல் சுட்டோடு சேர்த்தே படிப்பது ஒன்றே வழி. கை, நாள், சிக்கல் இவற்றுக்கான சொற்கள் ஈற்றொலியைப் பார்த்தால் ஏமாற்றும்: 'லா மானோ', 'எல் தீயா', 'எல் ப்ரொப்லேமா'.

மூன்றாம் மாதவாக்கில் ஒரு தேக்கம் வரும். புதுச் சொல் ஏறாது, மாலையானால் தலை வலிக்கும், வீட்டு நினைவு வாட்டும். அந்த நேரத்தில்தான் ஒரே ஊரில் இருக்கும் இரண்டு தமிழர்கள் தினமும் சந்திக்கத் தொடங்குகிறார்கள், கைபேசியில் ஊர்ச் செய்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. தமிழ் பேசவே கூடாது என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை; அது தாங்காது. வீட்டுக்குப் பேச வாரத்தில் இரண்டு நாள், நண்பரைச் சந்திக்க ஒரு மாலை என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பில் இருக்கும் சபைத் தலைவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: ஒரே மொழிக்காரர்கள் இருவரை ஒரே வீட்டில் தங்க வைக்காதீர்கள், தேக்கக் காலத்தில் வேறு வேலை எதையும் சுமத்தாதீர்கள். காது மட்டும் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு வராத நாளிலும் வானொலிச் செய்தியை ஒரே நேரத்தில் தினமும் கேளுங்கள். இயேசு சபையார் 1939-இல் லா பாஸில் தொடங்கிய ரேடியோ ஃபீதெஸ் இதற்கு ஏற்றது. அன்றைய செய்தியே மீண்டும் மீண்டும் வருவதால் இரண்டாம் முறை கேட்கும்போது கூடுதலாகப் புரியும்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக. கோச்சபம்பா ஏறக்குறைய 2,550 மீட்டர் உயரம், ஊட்டியைவிடச் சற்று அதிகம். முதல் வாரம் தூக்கம் கெடும்; அந்த வாரப் பாடம் ஏறவில்லை என்று மனம் தளர வேண்டாம். லா பாஸ் வழியாகப் போனால் எல் ஆல்தோ விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தாழ்வான சாந்தா குரூஸ் வழியாகப் போவது உடம்புக்கு நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும்; சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். காவல்துறைச் சான்றிதழையும் படிப்புச் சான்றிதழ்களையும், வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையோடு கொண்டுபோனால் குடியிருப்பு அனுமதி வாங்குவது எளிது.

வகுப்பில் கேட்கும் ஸ்பானிஷும் பள்ளத்தாக்குக் கிராமங்களில் கேட்கும் ஸ்பானிஷும் வேறு. அங்கே பலருக்குத் தாய்மொழி கெச்சுவா. அதன் சாயல் அவர்கள் பேசும் ஸ்பானிஷில் படிந்திருக்கிறது. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதில் 'என்று' இருக்கும் இடத்தில் 'தீஸியேந்தோ' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். 'என் அண்ணனுடைய அவர் வீடு' என்று உடைமையை இருமுறை சொல்வார்கள். எதிர்பாராததைக் கண்டு வியக்கும்போது 'அபீயா ஸீதோ' என்பார்கள், 'அட, இவர்தானா!' என்ற பொருள். பாடப்புத்தகத்தில் இவை பிழை. நாம் அவற்றைத் திருத்தப் போகக் கூடாது, கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்க் காதுக்கு இவை வியப்பாகவே இருக்காது.

கெச்சுவாவும் அப்படித்தான். வினை கடைசியில் வரும், விகுதி மேல் விகுதி ஒட்டும். 'வஸி' என்றால் வீடு. 'வஸிஞ்சிக்பி' நம் வீட்டில். 'வஸிய்குபி' எங்கள் வீட்டில். நாம், நாங்கள் வேறுபாடு ஸ்பானிஷில் இல்லை, கெச்சுவாவில் உண்டு. செபம் சொல்லும்போது இது முக்கியம்: கடவுளை நோக்கிப் பேசும்போது 'எங்கள்', மக்களை நோக்கிப் பேசும்போது 'நம்'. ஐரோப்பியப் பணியாளர்கள் விதியாகப் படித்துக்கொண்ட இது தமிழருக்குப் பிறவியிலேயே தெரியும். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் ஞானோபதேச நூல் தமிழில் அச்சேறிய ஆறே ஆண்டில், 1584-இல், லீமாவில் ஸ்பானிஷ், கெச்சுவா, அய்மாரா மூன்றிலும் ஞானோபதேசம் அச்சானது. இரண்டு கண்டத்திலும் மக்களின் மொழியில்தான் வேலை தொடங்கியது. கிராமப் பங்குக்கு அனுப்பப்படுகிறவர்கள் ஸ்பானிஷ் பயிற்சி முடிந்த கையோடு கெச்சுவாவுக்கும் இரண்டு மூன்று மாதம் கேட்டு வாங்குங்கள். ஸ்பானிஷோடு சேர்த்து ஒரே சமயத்தில் தொடங்க வேண்டாம், இரண்டும் குழம்பும். ஸ்பானிஷில் ஒரு கதையைத் தடங்கலில்லாமல் சொல்ல வந்த பிறகு தொடங்குங்கள், ஏனென்றால் கெச்சுவா ஆசிரியர் ஸ்பானிஷில்தான் விளக்குவார்.